ஆங்கிலம் கற்க வந்த பிள்ளையைத் தாய்மொழியில் பேச விடலாமா?

கரும்பலகை:
அமெரிக்கப் பள்ளிகளில் ஆங்கிலமே தெரியாமல் சேரும் பிள்ளைகளைப் பற்றித்தான் கேள்வி. வகுப்பில் அவர்கள் தாய்மொழிக்கு இடம் தரக்கூடாது என்பது என் கட்சி. ஒரே மொழிக்காரர் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார். இன்னொருவர் ஆசிரியர் சொல்வதைக் கேட்பதையே விட்டுவிடுகிறார். அன்பாக நடத்துவது வேறு, ஆங்கிலத்தைத் தள்ளிப் போடுவது வேறு.

மணற்கேணி:
மொழிபெயர்ப்பாளர் சிக்கல் உண்மை. ஆசிரியர் பேசும்போதே காதில் ஓதினால் அப்படித்தான் ஆகும். நேரத்தை மாற்றுங்கள். பாடம் தொடங்குமுன் 3 நிமிடம், படத்தைக் காட்டித் தாய்மொழியில் பேச விடுங்கள். அதன்பின் பாடம் முழுக்க ஆங்கிலம். ஈரத்துணி ஏன் காய்கிறது என்று தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ‘எவாப்பரேஷன்’ (ஆவியாதல்) ஒரு புதுச் சொல், அவ்வளவுதான். அது தெரியாத பிள்ளைக்குச் சொல்லும் புதிது, கருத்தும் புதிது. இரண்டும் ஒன்றாகத் தலையில் விழுகின்றன.

இன்னொன்று. விளையாட்டுத் திடல் ஆங்கிலம் 2 ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்பது மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டிய வேறுபாடு. அதுவரை அறிவியலும் கணக்கும் காத்திருக்குமா?

கரும்பலகை:
5 ஆண்டு ஆகும் என்றால் ஆங்கிலத்தைக் கூட்ட வேண்டுமே தவிரக் குறைக்கக் கூடாது. ஒரே வகுப்பில் ஏழு மொழி இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? தாய்மொழியில் ஆங்கிலத்தோடு ஒலி ஒத்த சொற்களை நம்பினாலும் ஆபத்து: ஸ்பானிய ‘எம்பரசாதா’ கேட்க ஆங்கில ‘எம்பரஸ்ட்’ (கூச்சப்பட்டவர்) மாதிரி இருக்கும், பொருளோ கர்ப்பிணி. 1998இல் கலிபோர்னியா வாக்காளர்களே 227ஆம் முன்மொழிவு என்ற சட்டத்துக்கான பொது வாக்கெடுப்பில் ஆங்கிலவழியைத்தான் தேர்ந்தார்கள்.

சுண்ணக்கட்டி:
அதே வாக்காளர்கள் 2016இல் 58ஆம் முன்மொழிவால் அதை நீக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த 1974 லாவ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகாது என்றது. வழிமுறை இதுதான் என்று அது கட்டளையிடவில்லை. ஆகவே வழக்கை வைத்து நீங்கள் இருவருமே ஜெயிக்க முடியாது.

எனக்கு இருவர் மீதும் வருத்தம். முதல் நாள் நடப்பதைப் பேசவே இல்லையே! பெயரை அந்தப் பிள்ளை உச்சரிக்கும்படி கேட்டு, ஒலிக்குறிப்பு எழுதி வையுங்கள். சுருக்கிச் செல்லப்பெயர் வைக்காதீர்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார். 3 நொடி பொறுத்தால் பதில் நீள்கிறது. ஆங்கிலத்தில் யோசித்துப் பேச வேண்டிய பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். வந்த புதிதில் வாய் திறக்காவிட்டால் வற்புறுத்தாமல், படத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். ‘உங்கள் நாட்டில் எப்படி?’ என்று வகுப்பு நடுவில் நிறுத்திக் கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளை ஒரு நாட்டின் தூதர் அல்ல.

மணற்கேணி:
ஏழு மொழிக் கேள்விக்குப் பதில்: ஆசிரியருக்கு ஏழும் பேசத் தெரிய வேண்டாம், பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும். தமிழ்ப் பிள்ளை ‘ஐ ஸ்கூல் கோ’ என்று எழுதினால் அது ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்பதன் வரிசை. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ஆங்கில ‘எ’ (a), ‘த’ (the) விடுபட்டால், தமிழில் அந்த மாதிரிச் சொற்கள் இல்லை என்பதே காரணம். சிவப்பு மையால் சுழிக்காமல், ‘ஐ கோ டு ___’ என்று பாதி வாக்கியத்தைப் பலகையில் எழுதுங்கள். வாய் தானாக வரிசையைப் பிடித்துக்கொள்ளும்.

கரும்பலகை:
பாடத்துக்கு முன்னால் அந்த 3 நிமிடத்தையும் பாதி வாக்கியத்தையும் ஏற்கிறேன். ஆனால் பாதி வாக்கியத்தை எடுக்காமலே வருடம் ஓட்டுகிறார்களே, அதுதான் என் பயம். பிள்ளை தானே முழுதாக எழுதத் தொடங்கியதும் அதை அழித்துவிட வேண்டும். கட்டுரையின் முதல் வரைவைத் தாய்மொழியில் எழுத விடுவதை மட்டும் ஒப்ப மாட்டேன்.

மணற்கேணி:
தாய்மொழியில் எழுதத் தெரியாத பிள்ளை என்றால் நானும் விட மாட்டேன். எழுதத் தெரிந்தவரிடம் குறிப்பு வரை தாய்மொழி, முதல் வாக்கியத்திலிருந்து ஆங்கிலம். இந்த இடத்தில் கோடு போடலாமா?