கார் ஒர்க்‌ஷாப்புக்கு பொல்யூஷன் போர்டு நோட்டீஸ், கன்சென்ட் இல்லன்னா கரண்ட் கட் பண்ணிடுவாங்களா?

ரெண்டுராம்ப்_வேளச்சேரி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரி பக்கம் எங்கப்பா ரொம்ப வருஷமா கார் ஒர்க்‌ஷாப் நடத்தறாரு, நான் அவரோட பொண்ணு, கணக்கு, ஜிஎஸ்டி, பேங்க் வேலை எல்லாம் நான்தான் பாக்கறேன். ரெண்டு ராம்ப், வாட்டர் வாஷ், பின்னாடி ஷெட்ல டிங்கரிங் பெயிண்டிங், ஒரு சின்ன ஜெனரேட்டர், அவ்ளோதான் எங்க கடை. இப்ப போர்டுலேர்ந்து ஷோ காஸ் நோட்டீஸ் வந்திருக்கு. நீர் சட்டம் பிரிவு 25, காற்று சட்டம் பிரிவு 21, ரெண்டுலயும் கன்சென்ட், அதாவது தொழில் நடத்த போர்டு குடுக்கற அனுமதி, வாங்கல, ஏன் மூடக்கூடாது, ஏன் கரண்ட்டை துண்டிக்கக்கூடாதுன்னு 15 நாள்ல பதில் சொல்லணுமாம். பக்கத்து அபார்ட்மென்ட்லேர்ந்து பெயிண்ட் நாத்தம்னு யாரோ புகார் குடுத்திருக்காங்க போல. எங்ககிட்ட கார்ப்பரேஷன் ட்ரேட் லைசென்ஸ் இருக்கு, சிறுதொழில் பதிவு உத்யம் இருக்கு, இது போதும்னுதான் இத்தனை நாளும் நினைச்சிட்டிருந்தோம். இதுக்கு நடுவுல ஒருத்தர் வந்து ஒரு தொகை குடுங்க, பதிலே போட வேணாம், நான் பாத்துக்கறேன்னு சொல்றாரு, அப்பா பயத்துல குடுத்துடலாம்ங்கறாரு. ஆறு குடும்பம் இதை நம்பித்தான் இருக்கு. ஃபேக்டரிக்குத்தானே இந்த சட்டம் எல்லாம், ஒர்க்‌ஷாப்புக்கும் உண்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கிண்டி_கன்சல்டண்ட் எழுதினது:

அம்மா, முதல்ல அந்த ஆளுக்கு பணம் குடுக்காதீங்க. நோட்டீஸுக்கு பதில் போடாம விட்டா ஃபைல்ல "பதில் இல்லை"ன்னு ஏறும், அடுத்த கடிதம் நேரா மூடுற உத்தரவாத்தான் வரும். நீர் சட்டத்துல 33ஏ, காற்று சட்டத்துல 31ஏ, இந்த ரெண்டு பிரிவும் அதுக்குத்தான் இருக்கு, கரண்ட், தண்ணி ரெண்டையும் நிறுத்தச் சொல்ற அதிகாரம் போர்டுக்கு உண்டு, மின் வாரியத்துக்கு ஒரு லெட்டர் போனா போதும்.

ஃபேக்டரிக்கு மட்டுமான்னு கேட்டீங்க. இல்லம்மா. 1974 நீர் சட்டத்துல கடையோட சைஸ் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, ஒரு தொழில் நடக்கற இடத்துலேர்ந்து வீட்டுக் கழிவு தவிர வேற எந்த கழிவுத் தண்ணி வெளிய போனாலும் அது கணக்குல வரும், அது ஆத்துல விழுந்தாலும் சரி சாக்கடையில விழுந்தாலும் சரி மண்ணுல ஊறினாலும் சரி. காரைக் கழுவின தண்ணி அப்படித்தான். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் மாசு அதிகமான தொழில்லேர்ந்து கம்மியான தொழில் வரை பிரிச்சு 2016ல போட்ட சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை பட்டியல்ல பெட்ரோல் மட்டும் போடற பங்க்கைத் தவிர வண்டி சர்வீஸ், ரிப்பேர், பெயிண்டிங் எல்லாத்தையும் ஆரஞ்சுல வெச்சாங்க. 2025 ஜனவரியில அந்த பட்டியலைத் திருத்தி நீலம்னு ஒரு வகையும் சேர்த்திருக்காங்க, அதனால விண்ணப்பம் போடும்போது இப்ப உங்க தொழில் எதுல வருதுன்னு பாத்து போடுங்க. ட்ரேட் லைசென்ஸ் கார்ப்பரேஷனோட சட்டம், இது வேற சட்டம், ஒண்ணு இருக்கறதால இன்னொண்ணு வேணாம்னு ஆகாது.

இதை லேசா எடுத்துக்காதீங்கன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. 2024ல சட்டத்தைத் திருத்தி ஜெயில் எல்லாம் போயிடுச்சு, இனிமே அபராதம் மட்டும்தான்னு வாட்ஸ்அப்ல சுத்துது. பல குற்றங்களுக்கு பத்தாயிரத்துலேர்ந்து 15 லட்சம் வரை அபராதம்னு மாத்தினது உண்மைதான், ஆனா நீர் சட்டத்துல கன்சென்ட் இல்லாம நடத்தறதுக்கு பிரிவு 44ல ஒன்றரை வருஷத்துலேர்ந்து ஆறு வருஷம் வரை தண்டனை இருக்கு, அதை எடுக்கல. அது தவிர சுற்றுச்சூழல் இழப்பீடுன்னு தனியா ஒண்ணு உண்டு, மத்திய வாரிய கணக்குப்படி குறைஞ்சது ஒரு நாளைக்கு 5,000 ரூபாய், எத்தனை நாள் தப்பு நடந்துச்சோ அத்தனை நாளுக்கும் பெருக்குவாங்க. வாரியமே இழப்பீடு விதிக்கலாம்னு 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

இன்னைக்கே பதில் எழுதுங்க. இவ்வளவு வண்டி பாக்கறோம், இவ்வளவு தண்ணி செலவாகுது, கன்சென்ட்டுக்கு ஆன்லைன்ல விண்ணப்பிச்சிட்டோம், ஆயில் ட்ராப், அதாவது கழுவின தண்ணியிலேர்ந்து ஆயிலைப் பிரிக்கற தொட்டி, இந்த தேதிக்குள்ள கட்டி முடிப்போம்னு தேதி போட்டு எழுதுங்க. நிறைவேத்த முடியற தேதியைப் போடுங்க. அதுவரைக்கும் வாட்டர் வாஷும் பெயிண்டிங்கும் நிறுத்தி வெச்சிருக்கோம்னு ஒரு வரி சேர்த்து, நிஜமாவே நிறுத்தி வைங்க, மெக்கானிக் வேலை ஓடட்டும். நேர்ல குடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் சீல் வாங்கிக்கோங்க.

அம்பத்தூர்_ஸ்பேனர் எழுதினது:

தங்கச்சி பயப்படாத, நான் அம்பத்தூர்ல இதே தொழில்தான், கன்சென்ட் வாங்கி நடத்திட்டிருக்கேன். பேப்பர் வேலை சார் சொன்ன மாதிரி பண்ணு, நான் தரையில பண்ண வேண்டியதை சொல்றேன் ஏன்னா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க முதல்ல பாக்கறதே ராம்ப்புக்கு கீழ தண்ணி எங்க போகுதுன்னுதான்.

ஆயில் ட்ராப்புன்னா பெரிய மெஷின் எல்லாம் இல்ல, தரைக்கு கீழ மூணு அறை உள்ள ஒரு தொட்டி. முதல் அறையில சேறும் மணலும் அடியில தங்கும், ரெண்டாவதுல ஆயில் மேல மிதந்து நிக்கும், அங்கேர்ந்து மூணாவதுக்கு போற பைப்பை மேலே வைக்கக் கூடாது, எல்போ போட்டு கீழ் பக்கமா இறக்கி விடணும், அப்பதான் அடியில இருக்கற தண்ணி மட்டும் அடுத்த அறைக்கு போகும், மேல மிதக்கற ஆயில் அங்கயே நிக்கும். நிறைய கடையில மேஸ்திரி பைப்பை மேலயே வெச்சு கட்டிடுவாரு, தொட்டி இருக்கும் ஆனா ஆயில் நேரா வெளிய போகும். கிட்ட நின்னு கட்ட வை. மேல ஷீட் கூரை கண்டிப்பா வேணும், இல்லன்னா நம்ம ஊரு நவம்பர் மழைக்கு தொட்டி நிரம்பி அத்தனை ஆயிலும் தெருவுக்கு வந்துடும். சோப்பு ஆயிலும் கவனம், நுரை அதிகமானா ஆயில் தண்ணியோட கலந்து பால் மாதிரி ஆயிடும், அப்புறம் எத்தனை அறை கட்டினாலும் பிரியாது. மெட்ரோ வாட்டர் சாக்கடையில விடறதுன்னா ஆயிலும் கிரீஸும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வெளிய நீர்நிலைக்கு போறதுன்னா 10தான். மூணாவது அறைத் தண்ணியை ஃபில்டர் பண்ணி அடுத்த வண்டியோட அடிப்பக்கம் கழுவ எடுத்துக்கோ, லாரித் தண்ணி செலவும் மிச்சம்.

எஞ்சின்லேர்ந்து இறக்கற பழைய ஆயில் அபாயக் கழிவுன்னு 2016 விதியில வருது, அதுக்கு தனியா ஆத்தரைசேஷன் வாங்கணும், 90 நாளைக்கு மேல கடையில வெச்சிருக்கக் கூடாது. சைக்கிள்ல வந்து டின் கணக்குல காசு குடுத்து வாங்கிட்டு போறவங்ககிட்ட போடாத, அது அடுப்புக்கும் போகும் கலப்பட ஆயிலுக்கும் போகும். போர்டு அனுமதி உள்ள ரீசைக்கிளருக்கு குடுத்து மேனிஃபெஸ்ட், அதாவது கழிவை ஏத்தி அனுப்பினதுக்கான சீட்டு, அதோட காப்பி வாங்கி ஃபைல் பண்ணு, வருஷா வருஷம் ஜூன் 30க்குள்ள போர்டுக்கு ஃபார்ம் 4ல வருஷக் கணக்கு போடணும். ஆயில் ஃபில்டரை அப்படியே குப்பையில போடாம கவுத்து வடிய விட்டு தனி ட்ரம்ல வை, துடைச்ச காட்டன் வேஸ்ட்டும் அதே மாதிரி தனியாதான்.

எங்கஏரியா_எங்கஏரி எழுதினது:

நான் அந்தப் பக்கம் அபார்ட்மென்ட்ல இருக்கறவன், உங்க கடைக்கு பக்கத்து கட்டடம் இல்ல, ஆனா எங்க பக்கமும் இதே கதைதான், அதனால எங்க நியாயத்தையும் சொல்லிடறேன் மேடம். ஒர்க்‌ஷாப்பை மூடணும்னு யாரும் ஆசைப்படல. மழைநீர் வடிகால் மூடியைத் தூக்கினா தண்ணி மேல கலர் கலரா ஆயில் படலம் நிக்குது, வேளச்சேரி பக்கத்து தண்ணி கடைசியில பள்ளிக்கரணைக்குத்தானே போகுது, 2022ல ராம்சார்ங்கற சர்வதேச ஈரநில அந்தஸ்து கிடைச்ச சதுப்பு நிலம் அது. வடிகாலை சாக்கடையா நினைக்கறதுதான் எனக்கு தாங்கவே முடியாத விஷயம்.

பெயிண்ட் நாத்தத்தை வெறும் நாத்தம்னு நினைக்காதீங்க. இப்ப அடிக்கற டூ கே பெயிண்ட்ல கலக்கற ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, ஆஸ்துமா வர்றதுக்கு பேர் போன கெமிக்கல். எங்களுக்கு முன்னாடி அதை மூச்சுல இழுக்கறது உங்க பெயிண்டர்தான், கர்ச்சீப்பைக் கட்டிக்கிட்டு அடிக்கறதை நானே நிறைய இடத்துல பாத்திருக்கேன். மூடின பூத், ஃபில்டர் வெச்ச எக்ஸாஸ்ட், கூரைக்கு மேல புகைக்குழாய், அவருக்கு காத்து பைப் வெச்ச மாஸ்க், இதைச் செய்யுங்க, புகார் தானா நிக்கும். அபார்ட்மென்ட் செகரட்டரியை ஒரு தடவை கூப்பிட்டு என்ன பண்றீங்கன்னு காட்டிடுங்க.

ரெண்டுராம்ப்_வேளச்சேரி எழுதினது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், அப்பாவுக்கு முழுசா படிச்சுக் காட்டினேன், அந்த ஆளுக்கு வேணாம்னு சொல்லிட்டோம். பெயிண்டர் அண்ணனுக்கு ராத்திரில இருமல் இருக்குன்னு அவரே இப்பதான் சொல்றாரு, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறோம். இன்னும் மூணு சந்தேகம். விண்ணப்பம் போட்டு நாலு மாசம் பதில் வரலன்னா கன்சென்ட் கிடைச்சதாவே ஆயிடும்ங்கறாங்களே நிஜமா? தண்ணி சாம்பிள் எடுக்க வந்தா நாங்க என்ன கவனிக்கணும்? ஜெனரேட்டருக்கு குழாய் எவ்ளோ உயரம்?

கிண்டி_கன்சல்டண்ட் எழுதினது:

நாலு மாசம் விஷயம் பிரிவு 25(7)ல இருக்கும்மா, உண்மைதான், ஆனா அதை நம்பி உக்காராதீங்க. விண்ணப்பத்துல குறை இருக்குன்னு திருப்பி அனுப்பினா அந்த நாலு மாசக் கணக்கை வெச்சு நீங்க வாதாட முடியாது, அதனால வரைபடம், சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று எல்லாம் முதல் தடவையே முழுசா ஏத்துங்க, கட்டணமே அந்த சொத்து மதிப்பை வெச்சுத்தான் வரும். அதோட தானா கிடைச்ச கன்சென்ட் ஆயிலை வடிகால்ல விடறதுக்கு அனுமதி இல்ல.

சாம்பிளுக்கு பிரிவு 21ஐ படிச்சு வைங்க. ஆய்வுக்கு அனுப்பப் போறோம்னு அங்கயே எழுத்துல குடுக்கணும், உங்க முன்னாடியே ரெண்டு பங்கா பிரிச்சு சீல் வெச்சு ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், ரெண்டாவது பங்கை தனி லேபுக்கு அனுப்பச் சொல்லி கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு. அதைக் கேட்டு வாங்குங்க, மரியாதையா கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கன்சென்ட் மறுத்தா 30 நாளுக்குள்ள அப்பீல், அதுக்கும் மேல சேப்பாக்கம் கலஸ் மஹால்ல பசுமை தீர்ப்பாயம் இருக்கு.

ஜெனரேட்டரோட திறன் 50 கேவிஏ வரைக்கும்னா கட்டட உயரத்துக்கு மேல ஒன்றரை மீட்டர், கட்டடம்னா ஜெனரேட்டர் எந்த கட்டடத்துல வெச்சிருக்கோ அது. சத்தம் வெளிய வராம கூண்டும் வேணும். கூண்டு ஏற்கனவே இருக்கான்னு பாத்து சொல்லுங்க, ஜெனரேட்டர் ஒட்டின லேபிள்லயே கேவிஏ இருக்கும், அதையும் பாத்துட்டு எழுதுங்க.