வீரவணக்க நாள்: மைதானத்தில் கவனிக்க வேண்டியவை, கோப்பில் கவனிக்க வேண்டியவை – தர்மபுரி, கிருஷ்ணகிரி காவலர்கள் அனுபவப் பகிர்வு

ஏ.ஆர். காவலர், கிருஷ்ணகிரி:

பணியில் இறந்த காவலர்களுக்கான அக்டோபர் 21 வீரவணக்க நாளுக்கு இந்த முறை ஃபயரிங் பார்ட்டியும் (மரியாதைக்காக வானை நோக்கிச் சுடும் குழு) மைதான ஏற்பாடும் எங்கள் ஆயுதப்படை (ஏ.ஆர்.) பிளட்டூனுக்கு வந்திருக்கிறது. பாதிப் பேர் புதுசு. முன்பு செய்த சீனியர் ஐயாக்கள் எங்கே சொதப்பும், எதை முன்கூட்டிப் பார்க்கணும் என்று எழுதினால் ரோல் காலில் படித்துக் காட்டிவிடுவேன். குடும்பங்களை அழைப்பது பற்றியும் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற ஆர்.எஸ்.ஐ., தர்மபுரி:

தம்பி, ரைஃபிளைத் தொடுவதற்கு முன்னால் எதற்காக நிற்கிறோம் என்று பசங்களுக்கு இரண்டு நிமிஷம் சொல்லிவிடுங்கள். லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ், சுமார் 16,000 அடி உயரம். ரோந்து போனவர்கள் திரும்பவில்லை என்று தேடிப் போன குழுவின் மேல் 1959 அக்டோபர் 21 அன்று சீனப் படை மலை மேலிருந்து சுட்டது. சி.ஆர்.பி.எஃப். ஆட்கள் 10 பேர் இறந்தார்கள். உடல்களைத் திருப்பிக் கொடுத்ததே நவம்பர் 13இல்தான். 1960 ஜனவரியில் கூடிய ஐ.ஜி.க்கள் மாநாடு இந்த நாளை எல்லா மாநிலப் போலீசுக்கும் பொதுவாக்கியது. செத்தவர்கள் போலீஸ், ராணுவம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கிறவர்களிலேயே பலருக்கு அது தெரியாது.

இனி ஃபயரிங். 21 பேர், மூன்று வாலி (எல்லாரும் ஒரே நேரத்தில் சுடுவது ஒரு வாலி) என்றால் 63 ரவுண்டு. இறுதிச் சடங்கில் 7 பேர் நின்றால் 21, 10 பேர் நின்றால் 30. பேப்பரில் ‘குண்டுகள் முழங்க’ என்று வரும் எண்ணெல்லாம் இந்தப் பெருக்கல்தான். பெல் ஆஃப் ஆர்ம்ஸில் (ஆயுத அறை) ரவுண்டு எடுக்கும்போது ஆளுக்கு ஒன்று கூடுதலாக எடுத்து, கூடுதலை உங்கள் பையில் வையுங்கள், அவர்கள் பவுச்சில் வேண்டாம். ஒவ்வொரு ரவுண்டையும் கையில் உருட்டிப் பாருங்கள். முனை மடிப்பு பிரிந்தது, அடியில் பச்சை பூத்தது எல்லாம் தனியே போகட்டும். பிளாங்கோடு (குண்டில்லாமல் சத்தம் மட்டும் தரும் ரவுண்டு) ஒரு பால் ரவுண்டுகூட (நிஜக் குண்டுள்ள ரவுண்டு) கலக்கவில்லை என்பதை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

பாயிண்ட் 303 ரைஃபிள் கையில் இருந்தால் கவலை குறைவு, போல்ட்டை எப்படியும் கையால்தான் இழுக்கிறோம். தானாக அடுத்த ரவுண்டை ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் என்றால் சிக்கல் இருக்கிறது. பிளாங்கில் குண்டு இல்லாததால் பேரலில் அழுத்தம் ஏறாது, வாயு அழுத்தத்தில் நகரும் பிஸ்டன் தள்ளாது, காலி கேஸ் (வெடித்த ரவுண்டின் கூடு) தானாக வெளியே வராது. முதல் வாலி ஒரே சத்தமாகக் கேட்கும், இரண்டாவது பொரி வெடிக்கிற மாதிரி ஆகிவிடும். காரணம் பாதிப் பேர் அடுத்த ரவுண்டை ஏற்றும் பிடியை (காக்கிங் ஹேண்டில்) இழுக்க மறப்பதுதான். அதனால் ‘ரீலோட்’ என்று தனியாக ஒரு வார்த்தைக் கட்டளை வைத்து, வெறும் ரைஃபிளில் மூன்று நாள் பழக்குங்கள். இடது கையால் இழுக்கும்போது ரைஃபிளின் மூக்கு (குழல் முனை) கீழே இறங்கும். இறங்கவே கூடாது. பிளாங்க்தானே என்று நினைப்பார்கள். கிட்டத்தில் அந்த நெருப்பும் மருந்துத் துகளும் கண்ணைக் கெடுக்கும்.

ஒருவனுக்கு வெடிக்கவில்லை என்றால் அவன் அப்படியே நிற்கட்டும். திறந்து பார்ப்பது, மறுபடி அழுத்திப் பார்ப்பது கூடாது. குறைந்தது 30 விநாடி மூக்கு மேலேயே இருக்க வேண்டும். ஒரு சத்தம் குறைந்ததை யாரும் எண்ணப் போவதில்லை. எல்லாரும் முடித்த பிறகு தனியாக ஒரு ‘டப்’ கேட்டால்தான் மைதானமே திரும்பிப் பார்க்கும்.

பிறகு, ரெஸ்ட் ஆன் யுவர் ஆர்ம்ஸ் ரிவர்ஸ்ட், அதாவது ரைஃபிளைத் தலைகீழாக ஊன்றி நிற்கும் நிலை. மூக்கு இடது பூட்ஸ் நுனியில், இரண்டு கையும் ரைஃபிளின் அடிக்கட்டை மேல், தலை தாழ்ந்து. அந்த நிலையில் லாஸ்ட் போஸ்ட் (பியூகிளில் ஊதும் அஞ்சலி இசை), 2 நிமிட மௌனம், ரவுஸ் (மௌனம் முடிந்ததும் ஊதும் இசை) என்று நேரம் இழுக்கும்போது ஆள் விழுவான். காலை 5 மணிக்கு வெறும் வயிற்றில் வந்து, முழங்காலைப் பூட்டி நிற்பதுதான் காரணம். ரத்தம் காலிலேயே தங்கிவிடும். 6 மணிக்கு இட்லி கொடுங்கள். பூட்ஸுக்குள் கால்விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், வெளியே தெரியாது.

பியூகிளுக்கு வால்வ் கிடையாது, எல்லாம் உதட்டில்தான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் அக்டோபர் விடியலில் குளிர் இருக்கும், மவுத்பீஸ் சில்லென்றிருந்தால் முதல் சுரமே உடையும். கடைசி நிமிஷம் வரை சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

காலி கேஸ் 63 எண்ணி ஒப்படைத்த பிறகே வண்டி ஏறுங்கள். கயிறும் துணியும் (புல்த்ரூ, ஃபிளானலெட்) போட்டுப் பேரலைத் துடைக்கும் வேலை அன்றே முடியட்டும். பிளாங்க் புகைக்கரி பால் ரவுண்டைவிட அதிகம், ஒரு ராத்திரி மழை ஈரம் போதும் பேரல் துரு பிடிக்க.

எஸ்.எஸ்.ஐ., காவேரிப்பட்டணம் பக்கம்:

பூ விஷயம் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதே அக்டோபர் 20ஐ ஒட்டித்தான், அதனால் மழை வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். மலர்வளையத்துக்கு மூங்கில் வளையத்தில் வைக்கோல் சுற்றினால் மழைத் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். வாழை மட்டை சுற்றச் சொல்லுங்கள். இரண்டரை அடி போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் ஸ்லோ மார்ச்சில் தூக்கி வரும்போது சாயும். ராயக்கோட்டைச் சாமந்தி நம் பக்கத்துப் பூதான், ஆனாலும் ஆயுத பூஜை, தீபாவளி ஒட்டி வரும் வருஷம் விலை எகிறும். முன்பணம் கொடுத்து வைக்காவிட்டால் முதல் நாள் மாலை கடைக்காரர் காகிதப் பூ சொருகிக் கொடுத்துவிடுவார். ரிப்பனில் மார்க்கர் பேனா வேண்டாம், மழையில் கரைந்து கலெக்டர் கையில் ஒட்டும். எனாமல் பெயின்ட்தான். நினைவுத் தூணில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கம்பிக் கொக்கி மாட்டிவிடுங்கள், எஸ்.பி. சல்யூட் அடிக்கும் நேரத்தில் வளையம் சரியாமல் இருக்கும்.

தலைமைக் காவலர், நெடுஞ்சாலை ரோந்து:

பெயர் வாசிப்பதை யாரும் சொல்லவில்லையே. முந்தின ஆண்டு செப்டம்பர் 1 முதல் இந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுவதும் பணியில் இறந்த போலீசாரின் பட்டியல் வரும். சுமார் 200 பெயர் இருக்கும். 2021இல் 377. 200 பெயருக்குத் தலா 4 விநாடி வைத்தாலும் 13 நிமிஷம் ஓடும். மணிப்பூர், நாகாலாந்துப் பெயர்களை மேடையில் முதல்முறையாகப் பார்த்துத் தடுமாறினால் கேட்கவே சங்கடம். முதல் நாளே தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, வாசிக்கிற அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். அவசரத்தில் வாசித்து முடிப்பதற்கு வாசிக்காமலே இருக்கலாம்.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் மட்டுமில்லை. நம் மாவட்டத்தில் காவலருக்கு எமன் பெரும்பாலும் ரோடுதான். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் சரிவில் டீசல் மிச்சம் என்று லாரிக்காரன் நியூட்ரலில் வருவான், பிரேக் சூடாகித் தேய்ந்துபோகும். ஒரு லாரி கவிழ்ந்த இடத்தில் நாம் நிற்கும்போது அடுத்த லாரி வந்து நம்மேல் ஏறும். முதல் விபத்தைவிட இரண்டாவதில்தான் நம் ஆட்கள் போகிறார்கள். எச்சரிக்கைக் கூம்பை விபத்து இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை, வளைவுக்கு மேலே, டிரைவர் வளைவு திரும்பும் முன்பே பார்க்கிற இடத்தில் வையுங்கள். ஒருவர் தடுப்புக்கு வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டே விசில் வைத்திருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. நம் ரோந்து வண்டிக்கும் கவிழ்ந்த லாரிக்கும் நடுவில் யாரும் நிற்காதீர்கள். அணிவகுப்பு நடத்துகிற அக்கறையில் பாதியை இதில் காட்டினால் பட்டியல் கொஞ்சம் சிறுக்கும் என்பது என் கருத்து.

ஓய்வு பெற்ற எஸ்.ஐ., பென்னாகரம்:

யார் பெயர் வருகிறது என்பதோடு யார் பெயர் வருவதில்லை என்பதையும் பசங்கள் தெரிந்துகொள்ளட்டும். 1980 ஆகஸ்ட் 6 திருப்பத்தூர் வெடிகுண்டில் இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் அவரோடு போன காவலர்களும் இறந்தது, நம் பக்கத்தில் நக்சலைட் வேட்டைக்கு வேகம் கொடுத்த சம்பவம். அவர்களுக்கு அங்கே தனியாகவே ஆண்டுதோறும் அஞ்சலி உண்டு. 1993 ஏப்ரல் 9 வீரப்பன் கும்பலின் பாலாறு கண்ணிவெடியில் இறந்தவர்கள் 22 பேர். அதில் போலீஸ் கொஞ்சம்தான். மற்றவர்கள் வனக்காவலர்களும், காட்டுக்குள் வழிகாட்டக் கூட வந்த ஊர்க்காரர்களும். வனத்துறைக்கு செப்டம்பர் 11 என்று ஒரு நினைவு நாள் 2013இல் வந்தது. வழிகாட்ட வந்தவனுக்கு எந்தத் தேதியும் இல்லை. 2004 அக்டோபர் 18 பாப்பாரப்பட்டியில் வீரப்பன் கதை முடிந்ததை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் அதிரடிப்படைக்குத் தடம் காட்டிய குடும்பங்களை அந்தந்த ஸ்டேஷன்காரர்களாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குடும்பங்களை அழைக்க: அக்டோபர் 1க்குள் ஆரம்பியுங்கள். பழைய போன் எண் வேலை செய்யாது, அவர்கள் இப்போது வசிக்கும் ஊரின் ஸ்டேஷன் மூலம் நேரில் ஆள் அனுப்புங்கள். இறந்தவர் 2004 பிப்ரவரி 9க்கு முன் என்றால் கிருஷ்ணகிரி தனி மாவட்டமே இல்லை, பெயர் தர்மபுரி கோப்பில் கிடக்கும். 1965 அக்டோபர் 2க்கு முன் என்றால் சேலம். அம்மாவும் மனைவியும் ஒரே வீட்டில் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். மனைவி மறுமணம் செய்திருந்தாலும் பெற்றவளுக்குத் தனி அழைப்பு, தனி நாற்காலி. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கமிருந்து பஸ் பிடித்து 8 மணிக்கு வந்து சேர முடியாது, வண்டி அனுப்புங்கள். பந்தலில் முதல் வரிசை அவர்களுக்கு. எல்லா அதிகாரிகளும் மலர்வளையம் வைத்து முடித்த பிறகு கடைசியில் கூப்பிடுவதை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் நடுவிலாவது கூப்பிடுங்கள். ‘வாங்கம்மா’ என்று கைப்பிடித்து அழைத்துப் போக இறந்தவர் கூட வேலை பார்த்த ஆள் ஒருவர் நிற்கட்டும், புதுப் பையனை நிறுத்தாதீர்கள்.

ஏ.ஆர். காவலர், கிருஷ்ணகிரி:

நன்றிங்க ஐயா. ஊரில் நடக்கும் இறுதி மரியாதைக்கும் எங்களைத்தான் அனுப்புவார்கள். அங்கே வேறு என்ன பார்க்கணும்?

ஓய்வு பெற்ற ஆர்.எஸ்.ஐ., தர்மபுரி:

கொடி போர்த்தினால் காவி தலைப்பக்கம். குழிக்குள்ளோ சிதைக்குள்ளோ கொடி போகக் கூடாது. அதற்கு முன் எடுத்து மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும். யார் கையில் கொடுப்பது என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், சுடுகாட்டில் நின்று கேட்காதீர்கள். கிராமத்தில் கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு பார்ட்டிக்கு முன்னாலேயே வந்து நிற்கும், கயிறு கட்டுங்கள். ஃபயரிங் முடிந்த மறு விநாடி சின்னப் பசங்க ஓடி வந்து காலி கேஸைப் பொறுக்குவார்கள். இரண்டு பேரை அதற்கென்றே பின்னால் நிறுத்துங்கள். ஒரு கேஸ் குறைந்தால் துக்க வீட்டில் போய்த் தேட வேண்டி வரும். அந்த அசிங்கம் வேண்டாம்.

அமைச்சுப் பணியாளர், மாவட்டக் காவல் அலுவலகம்:

மரியாதை முடிந்த மறுநாளிலிருந்து என் மேஜைக்கு வருவதைச் சொல்கிறேன். ஒன்றாகப் பணியில் சேர்ந்தவர்களின் பேட்ச் குரூப்பில் ஆளுக்கு 500 போட்டுச் சில லட்சம் சேர்த்துக் கொடுக்கிறீர்கள், பெரிய விஷயம். அதில் ஒரு பங்கைப் பிள்ளைகள் பெயரில் வைப்பாகப் போட்டுக் கொடுங்கள், முழுவதும் ரொக்கமாகக் கொடுத்தால் கடன்காரர்தான் முதலில் வருவார். ஆனால் பணத்தைவிட அதிகம் உதவுவது, ஒரு பேட்ச்மேட் ஒரு மாதம் கோப்போடு அலைவது.

பணியில் இறந்தார் என்று நிரூபிக்க ஜி.டி. (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு) பதிவும், பாஸ்போர்ட்டும் (காவலரை வேலைக்கு அனுப்பும்போது எழுதித் தரும் சீட்டு) வேண்டும். வாய்மொழியாக ‘போய்ட்டு வாப்பா’ என்று அனுப்பிவிட்டு, பாஸ்போர்ட் எழுதாமல் விட்ட இடத்தில்தான் குடும்பம் மாதக்கணக்கில் நிற்கிறது. அடுத்து வாரிசுச் சான்று. இ-சேவையில் விண்ணப்பிக்கும்போது ஆதார், ரேஷன் கார்டு, எஸ்.ஆர். (பணிப் பதிவேடு) மூன்றிலும் மனைவி பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் கணவர் இனிஷியல், இன்னொன்றில் அப்பா இனிஷியல் என்று இருக்கும், அங்கேயே திருப்பி அனுப்புவார்கள். குடும்பப் பாதுகாப்பு நிதி 5 லட்சம், இதற்கு நாமினேஷன் யார் பெயரில் என்பதே கேள்வி. கருணை அடிப்படை வேலைக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதம் வேண்டும். மாமியார், மருமகள் சண்டை முற்றுவதற்குள் வாங்கிவிடுங்கள், துக்கம் ஆறின பிறகுதான் கணக்கு ஆரம்பிக்கும். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வரமாட்டார், அவர் கோப்பு போகும் வழியே வேறு. பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டுப் பழைய திட்டத்தின் குடும்ப ஓய்வூதியப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வராதீர்கள்.

ஏ.ஆர். காவலர், கிருஷ்ணகிரி:

எங்கள் பிளட்டூனில் கேட்டுப் பார்த்தேன். கல்யாணமானவர்களில் பாதிப் பேருக்கு நாமினேஷன் யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

அமைச்சுப் பணியாளர், மாவட்டக் காவல் அலுவலகம்:

சேரும்போது கொடுத்த அம்மா பெயராகத்தான் இருக்கும். எஸ்.ஆர். பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை உண்டு. பத்துப் பேராகப் பெயர் எழுதி ஆர்.ஐ. (ஆயுதப்படை ஆய்வாளர்) மூலம் ஒரு மனு கொடுங்கள். திருமணச் சான்று, மனைவியின் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று நகல் கையில் இருக்கட்டும். நாமினேஷன் படிவம் இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரையோடு திருப்பி வாங்கி வீட்டில் வையுங்கள், ஸ்டேஷன் பெட்டியில் இல்லை. அக்டோபர் 21 அணிவகுப்பு ஒத்திகைக்கு எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிறீர்களே, அந்த வாரமே வாருங்கள்.