டயாலிசிஸை நிறுத்திவிட்டு ஜெபிக்கலாமா? சிலி சுரங்கச் சாட்சியை முன்வைத்து ஒரு விவாதம்

தேரிமணல்:
அண்ணனுக்கு வயது 41. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, ஒன்பது மாதமாக வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அம்மாவின் சிறுநீரகம் பொருந்தவில்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னுடையதை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன ஞாயிறு வீட்டு ஜெபத்துக்கு வந்த சபை ஊழியர் ஒருவர் சிலி நாட்டுச் சுரங்கச் சாட்சியைச் சொன்னார். 2010ஆம் ஆண்டு 33 பேர் ஏறத்தாழ 700 மீட்டர் ஆழத்தில் 69 நாள் அகப்பட்டு, ஒருவர்கூடச் சாகாமல் மேலே வந்தார்களே, அதுதான். "அங்கே பாறையைப் பிளந்தது ஜெபம். நீங்கள் மிஷினை நம்பிக்கொண்டிருந்தால் கர்த்தர் எப்படிக் கிரியை செய்வார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணன் அதையே பிடித்துக்கொண்டான். மூன்று வாரம் உபவாசமிருந்து ஜெபிப்போம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறான். அம்மாவும் அரைமனதாகத் தலையாட்டுகிறார். நானும் விசுவாசிதான். ஆனால் பயமாக இருக்கிறது.

இரவுப்பணி:
தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு பேசலாம். அடுத்த டயாலிசிஸ் என்றைக்கு? அதை விடாதீர்கள். இந்தப் பிரிவில் பத்து வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். இரண்டு முறை தவறினாலே நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பார்கள். பொட்டாசியம் ஏறிவிட்டால் அந்த எச்சரிக்கையும் இருக்காது, இதயம் சட்டென்று நின்றுவிடும். மூன்று வாரம் என்பதை நினைத்தே பார்க்காதீர்கள்.

கருப்பட்டி:
பாறையைப் பிளந்தது ஜெபமாம்! அந்தப் பாறையைத் துளைத்தது டி130 என்ற துளைப்பு இயந்திரம். ஒன்றை நம்பி உட்காராமல் மூன்று இயந்திரங்களை மூன்று இடத்தில் இறக்கினார்கள். இரண்டாவதுதான் அக்டோபர் 9ஆம் தேதி அவர்களை எட்டியது. ஆளைத் தூக்கிய கூண்டின் வடிவமைப்புக்கு நாசாவிலிருந்து யோசனை போயிருக்கிறது. இத்தனை மிஷின்களை வைத்துக் காப்பாற்றிய கதையைச் சொல்லி, மிஷினை விடு என்கிறார் அந்த மனிதர்! அந்த ஒரு முரண்பாட்டை மட்டும் உங்கள் அண்ணனிடம் எடுத்துச் சொல்லுங்கள், போதும்.

இன்னொன்றும் உண்டு. சுரங்கம் இடிந்த அன்றே அவர்கள் காற்றுப்போக்கிக் குழாய் வழியாக ஏறித் தப்பப் பார்த்தார்கள். அங்கே இருந்திருக்க வேண்டிய ஏணி இல்லை. 2007இல் ஓர் உயிர்ப்பலிக்குப் பிறகு மூடிய சுரங்கத்தை மறுவருடமே திறந்தவர்கள், அந்த ஏணியை மட்டும் போடவில்லை. 2013இல் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லாமலே விசாரணையை முடித்தார்கள். அற்புதம் என்று சொல்லிவிட்டால் ஏணியைப் பற்றி எவனும் கேட்க மாட்டான்.

ஜெபவீரன்:
அவிசுவாசிகள் இப்படித்தான் பேசுவார்கள். மலையைப் பார்த்து, தள்ளுண்டு சமுத்திரத்தில் விழு என்று சந்தேகப்படாமல் சொன்னால் ஆகும் என்பது வேதவசனம். சகோதரி, பாதி மருந்து, பாதி விசுவாசம் என்று இரண்டு படகில் கால் வைக்காதீர்கள். ஊழியர் சொன்னதைச் செய்யுங்கள்.

பழைய வாத்தியார்:
தம்பி, நானும் அறுபது வருடமாக ஜெபிக்கிறவன். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். ஏரோது ராஜா, இயேசுவின் சீடரான யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். அதே அதிகாரத்தில் இன்னொரு சீடரான பேதுரு சிறையிலிருந்து வெளியே வருகிறார். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவா? அவருக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? பேதுரு வந்து கதவைத் தட்டியபோது, ரோதை என்ற பெண் ஓடிப்போய்ச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ, "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். நம்பாமல் ஜெபித்த கூட்டத்துக்குத்தான் அங்கே பதில் கிடைத்திருக்கிறது. சந்தேகமே இல்லாமல் ஜெபித்தால்தான் கிடைக்கும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

தேரிமணல், மகளே, டயாலிசிஸுக்கு அழைத்துப் போ. வண்டியில் போகும்போது ஜெபி.

கருப்பட்டிக்கு ஒரு வார்த்தை. இயந்திரம்தான் துளைத்தது, சரி. ஆனால் அதற்கு முன், தேடித் துளைத்த ஒரு சிறு துளை அவர்களை எட்டும்வரை 17 நாள் இருக்கிறது. கீழே இருப்பவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்றே மேலே தெரியாது. புகலிடத்துப் பெட்டியில் இருந்தது இரண்டு நாளுக்கான சாப்பாடு. முதல் நாளே சிலர் அதைத் திறந்து தின்றும்விட்டார்கள். அதற்குப் பிறகு, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு இரண்டு கரண்டி டின் மீன், அரைக் குவளை பால் என்று பங்கிட்டார்கள். ஹோசே என்ரிக்கெஸ் என்பவரை ஜெபம் நடத்தச் சொல்லித் தொழிலாளர்களே கேட்டிருக்கிறார்கள். முழங்காலில் நின்று, நாங்கள் அப்படியொன்றும் நல்ல மனிதர்கள் இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் ஜெபம் தொடங்கியது. பிறகு சண்டை போட்டவன் எழுந்து மன்னிப்புக் கேட்பான். பசித்த 33 ஆண்கள், ஒரு பெட்டி, இருட்டு. யோசித்துப் பாருங்கள்.

கருப்பட்டி:
ஐயா, உங்களோடு பேசுவதில் ஒரு மரியாதை இருக்கிறது, அதனால் முழுதாகவே சொல்கிறேன். பங்கீட்டை ஒழுங்குபடுத்தியதில் பணிமுறைத் தலைவர் லூயிஸ் உர்சுவாவுக்கும் பங்குண்டு. அவர்தான் கடைசி ஆளாக மேலே வந்தவர். நல்ல தலைவனும் கட்டுப்பாடும் இருந்தால் ஜெபம் இல்லாமலும் அது நடக்கும்.

சிலியைச் சொல்கிறவர்கள் ஏன் சேகோவைச் சொல்வதில்லை? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, 2006 ஜனவரி 2. நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 13 பேர் உள்ளே. குடும்பங்கள் பக்கத்திலிருந்த பாப்டிஸ்ட் ஆலயத்தில் கூடி ஜெபித்தன. மறுநாள் நள்ளிரவுக்குச் சற்று முன், 12 பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று செய்தி வருகிறது. ஆலய மணி அடிக்கிறது. பாட்டு, அழுகை, ஸ்தோத்திரம். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்து அதிகாரிகள் வந்து சொல்கிறார்கள்: தகவல் தவறு, உயிரோடிருப்பது ஒருவர்தான். உள்ளே இருந்தவர்களும் ஜெபித்திருக்கிறார்கள். மூத்த தொழிலாளி ஒருவர் எல்லோரையும் பாவமன்னிப்பு ஜெபத்தில் நடத்தினார் என்று, பிழைத்த அந்த ஒருவர் பின்னால் கடிதம் எழுதியிருக்கிறார். சுவாசக் கருவிகளில் நான்கு வேலை செய்யவில்லை என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது.

அந்த மூன்று மணி நேரத்தை எந்தப் பிரசங்கத்தில் வைப்பீர்கள்? என் அம்மா புற்றுநோயில் போனார். எங்கள் சபை மூப்பர் ஒருவர் அடக்கம் முடிந்த கையோடு என்னைப் பார்த்து, "வீட்டில் யாரோ விசுவாசமாக இல்லை" என்றார். அப்போது எனக்கு வயது 17. அந்த யாரோ நான்தான் என்று பல வருடம் நம்பினேன்.

எண்கணிதன்:
உணர்ச்சியை விட்டுவிட்டு, ஜெபம் நோயாளிக்கு உதவுமா என்று பார்த்த ஆய்வைப் பாருங்கள். 2006இல் வெளியானது. ஆறு மருத்துவமனைகள், பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேர். முன்பின் தெரியாத ஜெபக்குழுக்கள் 14 நாள் ஜெபித்தன. தமக்காக ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்துக்கும், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்துக்கும் பின்விளைவுகள். உறுதியாக ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களிலோ 59 சதவீதம்! முடிந்தது விவாதம்.

பழைய வாத்தியார்:
விவாதத்தை இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டீர்களே. ஜெபிக்கப்படாதவர்கள் என்று ஒரு கூட்டத்தைப் பிரித்தார்களே, அவர்களுடைய பாட்டிமார்களை யார் தடுத்தது? எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நான்கு தெருவும் ஜெபிக்கும், கேட்காமலேயே. ஆனால் அந்த 59ஐ நான் நம்புகிறேன். "உனக்காக ஒரு கூட்டமே ஜெபிக்கிறது" என்று சொன்னால், நம் நிலைமை அவ்வளவு மோசமா என்று நோயாளி மிரண்டுவிடுவான்.

கருப்பட்டி, சேகோ பற்றி என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த மூப்பர் உங்களிடம் சொன்னது பாவம். தோத்திரப் பாட்டு பாடுகிற வாயால் அதைச் சொன்னாரே என்று எனக்கு இரவெல்லாம் உறக்கம் இல்லை.

அலைவாய்க்கரை:
நாங்கள் கத்தோலிக்கர்கள், செபம் என்று எழுதுவோம். அதற்காக ஒரு சண்டை வேண்டாம்! சிலியில் அந்த மீட்புப் பணிக்கே சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலரான புனித லாரன்சின் பெயரைத்தான் வைத்தார்கள். அதாவது இயந்திரத்தை ஓட்டியவர்களும் செபித்தவர்களும் எதிரெதிர்க் கட்சி இல்லை. மேலே வந்த தொழிலாளர்கள் பலர் அணிந்திருந்த சட்டையின் முதுகில், "பூமியின் ஆழங்கள் அவர் கையில்" என்ற விவிலியச் சங்கீத வசனம் இருந்தது. துளைப்பு இயந்திரத்தைத் திட்டி ஒரு வரியும் இல்லை.

ஜெபவீரன்:
ஆக, அற்புதமே நடக்காது என்கிறீர்கள்.

பழைய வாத்தியார்:
நடக்கும். நான் கண்டிருக்கிறேன். கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாடு நீங்கட்டும் என்று கேட்ட இயேசுவுக்கே அந்தப் பாத்திரம் நீங்கவில்லை என்பதையும் படித்திருக்கிறேன். தானியேலின் நண்பர்கள் தங்களை எரிக்கவிருந்த சூளைக்கு முன்னால் நின்று, கர்த்தர் "விடுவிக்காமற்போனாலும்" சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த ஒரு சொல்லைத் தாண்டி உங்களால் பிரசங்கிக்க முடியுமென்றால் பிரசங்கியுங்கள். அடுத்தவர் இரத்தத்தைப் பந்தயம் வைத்துச் செய்யாதீர்கள்.

இரவுப்பணி:
ஜெபத்துக்கு எதிராக எனக்கு ஒன்றும் இல்லை. போன மாதம் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். மார்பு முழுக்க ஜெப எண்ணெய். இசிஜி எடுக்க மின்முனையை ஒட்டினால் வழுக்கி விழுகிறது, மறுபடி ஒட்டினாலும் விழுகிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கழுவினால் ஜெபம் போய்விடுமா அம்மா?" என்று கேட்டார். நெற்றியில் இருப்பதை விட்டுவிடுகிறேன், மார்பில் மட்டும் துடைக்கிறேன் என்றேன். சம்மதித்தார். மிஷின் ஓடிய நான்கு மணி நேரமும் வெளியே பெஞ்சில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த பெரியவர் முதலில் அவரைத்தான் தேடினார்.

தேரிமணல், உங்கள் அண்ணனின் பெயர் உறுப்பு தான வரிசையில் பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் உடனே பதியச் சொல்லுங்கள். அம்மாவுடையது பொருந்தாவிட்டாலும், இதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். இது உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

தேரிமணல்:
சொல்லவில்லை அக்கா. நாளைக்கே கேட்கிறேன்.

சனிக்கிழமை அண்ணனை அழைத்துப் போய்விட்டோம். கருப்பட்டி அண்ணன் எழுதியதைத்தான் வாசித்துக் காட்டினேன், மூன்று இயந்திரம் இறக்கிய பகுதியை. "அப்படியென்றால் அவர்களும் மிஷினுக்குப் போனார்களா?" என்று கேட்டுவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாத்தியார் ஐயா சொன்னபடி அம்மா வண்டியில் ஜெபித்தார். ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். வரும்போது அம்மா ஜெபித்து இளநீர் வாங்கியிருக்கிறார், உடம்புக்குக் குளிர்ச்சி என்று. கொடுக்கலாமா?

இரவுப்பணி:
கொடுக்கவே கூடாது! இளநீர் முழுக்கப் பொட்டாசியம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கருப்பட்டி:
அம்மாவைத் திட்டிவிடாதீர்கள்.

தேரிமணல்:
திட்டவில்லை. நானும் அம்மாவும் ஆளுக்கு ஒன்று குடித்தோம். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான்.