82 டிகிரியில் திறந்ததாம்! வீட்டிலேயே தெர்மோஸ்டாட் வால்வு மாற்றுவது பற்றி

மூன்று சிலிண்டர் (திரியைத் தொடங்கியவர்)

ரேடியேட்டர் சுத்தம் செய்வது குறித்த பக்கத்துத் திரியில் ஸ்பானர் சித்தன் அவர்கள், "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வால்வே தேவையில்லை, கழற்றி வீசிவிட்டு மூடியைப் பூட்டுங்கள், அதை வீட்டில் மாற்றுகிறேன் என்பவர்கள் வேலையற்றவர்கள்" என்று எழுதியிருக்கிறார். என்ஜின் போதிய அளவு சூடாகும்வரை கூலண்டை, அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் நீர்மத்தை, ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் இந்த வால்வு. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

என் பழைய காரில் புறவழிச்சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் வெப்பமுள் கால்பங்கைத் தாண்டவில்லை. காலையில் வண்டியைக் கிளப்பிய சிறிது நேரத்திலேயே என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகிவிட்டது. வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலண்டைப் பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு, வால்வு மூடியின் இரண்டு போல்ட்டுகளை 10 எம்.எம். ஸ்பானரால் கழற்றினேன். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிவிட்டு, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் என்ஜினை நோக்கியும், விளிம்பில் ஆடும் சிறிய ஊசி மேற்புறமாகவும் இருக்கும்படி புதிய வால்வைப் பொருத்தினேன். அந்த ஊசித் துளை வழியாகத்தான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மூடி அலுமினியம் என்பதால் போல்ட்டை அளவோடுதான் முடுக்க வேண்டும். மரை போனால் செலவு பத்து மடங்காகும்.

பொருத்துவதற்கு முன் புதிய வால்வைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிச் சோதித்தேன். மேலே 82 என்று பொறித்திருந்தது. சரியாக 82 டிகிரியில் திறந்தது.

ஸ்பானர் சித்தன்

தம்பி, நீண்ட கட்டுரைக்கு நன்றி. ஒரே ஒரு கேள்விதான். 82 டிகிரியில் திறந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வீட்டில் இருக்கும் காய்ச்சல் மானி 42 டிகிரியோடு நின்றுவிடும். 81 இல்லை, 83 இல்லை, "சரியாக 82" என்று எழுதுவதற்கு உங்கள் அடுப்படியில் ஆய்வுக்கூடம் எதுவும் நடக்கிறதா? கார்புரேட்டர் காலத்திலிருந்து என்ஜின் பிரித்துக் கோத்தவன் நான். இந்த ஒரு வரிக்குப் பதில் வரட்டும், மீதியைப் பிறகு பேசலாம்.

மூன்று சிலிண்டர்

உணவின் சூட்டைப் பார்க்கும் கம்பி வெப்பமானி கடைகளிலேயே கிடைக்கிறது, ஐயா. வால்வின் இடுக்கில் ஒரு நூலைக் கவ்வவைத்துத் தொங்கவிட்டேன். திறந்த நொடியில் நூல் நழுவி வால்வு தண்ணீருக்குள் விழுந்தது; அப்போது திரையில் 82 தெரிந்தது. ஆனால் நான் கேட்டது வேறு. வால்வைக் கழற்றி எறியச் சொன்னீர்களே, அதற்கு என்ன விளக்கம்?

ஸ்பானர் சித்தன்

விளக்கம் அப்புறம். கம்பி பாத்திரத்தின் அடியைத் தொட்டதா, தொடவில்லையா? அடுப்பை எரியவிட்டபடி பார்த்தீர்களா, அணைத்துவிட்டா? அடியில் இருக்கும் தண்ணீர் ஒரு சூட்டிலும் மேலே இருக்கும் தண்ணீர் வேறு சூட்டிலும் இருக்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 82 என்று எழுதுவது சுலபம். 82 என்று நிறுவுவது கடினம்.

உதகைவாசி

இருவரும் "திறந்தது" என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறீர்கள். வால்வின் மீது பொறிக்கப்பட்டிருப்பது திறக்கத் தொடங்கும் சூடு. முழுதாகத் திறப்பதற்கு இன்னும் பத்து டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். பல சுசூகி பணிமனைக் கையேடுகளில் தொடக்கம் 82, முழுத் திறப்பு 95, அப்போது தட்டு எழும்ப வேண்டிய உயரம் 8 மில்லிமீட்டர் என்றே இருக்கிறது. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்துதான் தண்டைத் தள்ளுகிறது. அது விளக்குப் பொத்தானைப் போலப் பட்டென்று வேலை செய்யாது. ஆறும்போதும் திறந்த அதே சூட்டில் மூடாது, சற்றுக் கீழே போய்த்தான் மூடும். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. ஆகவே 95 டிகிரி முழுத் திறப்பைத் திறந்த பாத்திரத்தில் என்னால் பார்க்கவே முடியாது. எந்தத் திறப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

ஸ்பானர் சித்தன்

உதகையில் தண்ணீர் எப்போது கொதித்தால் நமக்கென்ன? பேச்சு 82 பற்றியது.

வைகைக்கரையான்

சித்தன் அண்ணாச்சி சொல்வதில் அனுபவம் இருக்கிறது. சித்திரை மாதத்து மதுரையில், பெரியார் நிலைய நெரிசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், பிறகு தெர்மோஸ்டாட்டின் பெருமையைப் பேசலாம். என் வாடகை வண்டியில் வால்வு இல்லாமலேயே பல கோடைகள் கடந்துவிட்டன. ஒரு நாளும் கொதித்ததில்லை. பனிக்கட்டி விழும் நாட்டுக்காரன் தன் வண்டி சீக்கிரம் சூடாவதற்காக வைத்த பொருளை நாம் ஏன் கட்டி அழ வேண்டும்?

மூன்று சிலிண்டர்

வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் மிக வேகமாக ஓடும். ரேடியேட்டரில் ஆறுவதற்கு அதற்கு நேரமே கிடைக்காது. அதனால்தான் வால்வு வேண்டும் என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

மூன்று சிலிண்டர் பக்கம் பேச வந்த எனக்கே இதைப் படித்துத் தலை சுற்றுகிறது. வேகமாக ஓடினால் ஆற நேரமில்லை என்பது பட்டறைக் கட்டுக்கதை. அதே தண்ணீர் அதே ரேடியேட்டருக்குள் மீண்டும் மீண்டும் வருகிறது. ஓட்டம் கூடினால் வெப்பம் வெளியேறுவது கூடுமே ஒழியக் குறையாது.

உண்மையான சிக்கல் வேறு. பல என்ஜின்களில் வால்வின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. வால்வு திறக்கும்போது அது பைபாஸ் வழியை அடைத்துவிடும். வால்வையே கழற்றிவிட்டால் அந்த வழி எந்நேரமும் திறந்து கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப்பார்க்காமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும். அப்படிப்பட்ட வண்டி நெடுஞ்சாலையில் குளிர்ந்தும் நெரிசலில் கொதித்தும் ஓட்டுநரைக் குழப்பும். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மதுரையில் வெளியே 40 டிகிரி அடித்தாலும் என்ஜினுக்குத் தேவையான 90 டிகிரிக்கு அது பாதிகூட இல்லை. குளிர்ந்தே ஓடும் என்ஜினுக்கு, அதைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. கூடுதல் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். சிலிண்டர் சுவர் தேயும். புதிய வண்டிகளில், கூலண்டு போதிய சூட்டை எட்டவில்லை என்று சொல்லும் பி0128 என்ற பிழைக்குறியோடு என்ஜின் விளக்கும் எரியும்.

சித்தன் அவர்கள் பிரேக் ஆயில் திரியிலும் இப்படித்தான் பதில் சொல்லாமல் நழுவினார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஸ்பானர் சித்தன்

பிரேக் ஆயில் திரியை இழுக்காதீர்கள். அங்கே யார் நழுவினார் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். பி0128 என்று எண்ணைச் சொல்லி மிரட்ட வேண்டாம். என் கையால் வால்வு கழற்றிய வண்டிகளில் பாதிக்கு அந்த விளக்கே கிடையாது.

நான் கேட்டது 82. உங்கள் நண்பரின் வெப்பமானி இரண்டு டிகிரி தவறாகக் காட்டினால் அது 80 ஆகிவிடும், அல்லது 84. இரண்டு டிகிரி முன்பின் போனாலும் பரவாயில்லை என்றால், "சரியாக" என்ற பெருமை எதற்கு? பெருமைதான் முக்கியம் என்றால், கருவியைச் சரிபார்த்த சான்று எங்கே?

உதகைவாசி

சென்னையிலோ மதுரையிலோ அந்தக் கம்பியைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டால் 100 காட்ட வேண்டும். எவ்வளவு குறைகிறதோ கூடுகிறதோ அதுதான் பிழை. மேலும், உற்பத்தியாளர்களே ஒன்றிரண்டு டிகிரி ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறார்கள். தொடக்கமா முழுத் திறப்பா என்ற என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கரிசல்மகள்

எனக்கு 82 பற்றியும் கவலையில்லை, 95 பற்றியும் கவலையில்லை. எந்தப் பாத்திரத்தில் இதைச் செய்தீர்கள்? கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், நஞ்சு. இனிப்பாக வேறு இருக்கும் என்பதால் நாய் பூனைகள் நக்கிச் சாகின்றன. புதிய வால்வு என்றால்கூடப் போகட்டும். பழைய வால்வையும் அதே பாத்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் அதிலேயே பால் காய்ச்சும் ஆண்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வடித்த கூலண்டை எங்கே ஊற்றினீர்கள் என்பதையும் மூன்று சிலிண்டர் எழுதவில்லை.

மூன்று சிலிண்டர்

புதிய வால்வை மட்டும்தான் சோதித்தேன், அம்மா. அதற்கென்று ஒதுக்கிய பழைய அலுமினியப் பாத்திரத்தில். வடித்த கூலண்டு மூடிய கேனில் இருக்கிறது. நான் விளக்கம் கேட்டவரோ இன்னும் அடுப்பைச் சுற்றியே வருகிறார்.

வைகைக்கரையான்

கூலண்டு, கூலண்டு என்று உருகுகிறீர்கள். நான் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் உங்கள் வண்டிக்கு இரக்கப்படுகிறேன். அந்த உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் ஏடாகப் படிந்து, வால்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொதிக்கவைக்கும். காய்ச்சி வடித்த நீரும் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவது பகட்டுக்காக அன்று. துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் உள்ளே இருக்கும் நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குவதும் உங்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

வைகைக்கரையான்

இரக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடுகிறது, தவணை கட்டுகிறேன்.

ஸ்பானர் சித்தன்

அழுத்தம் என்று ஒருவர் எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. என்ஜினுக்குள் அழுத்தம் உண்டு, அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் அழுத்தம் கிடையாது. பிறகு அந்தச் சோதனை எதை நிரூபிக்கிறது? நியாயமாகப் பார்த்தால் பிரஷர் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

மெழுகு உருகுவது சூட்டால். அந்தச் சிறிய அழுத்தத்தால் அதன் உருகுநிலை குறிப்பிடும்படி மாறுவதில்லை. இது தெரிந்தே குழப்புகிறீர்களா, தெரியாமலா?

ஸ்பானர் சித்தன்

தெரிந்தவர்கள் நீங்கள், தெரியாதவன் நான், அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒரு கேள்விக்கு நான்கு பேர் சேர்ந்து உதகைக்கும் மதுரைக்கும் ஓடுகிறீர்களே தவிர, வெப்பமானியின் படத்தை ஒருவரும் போடவில்லை. வால்வைக் கழற்றுவது பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. அதற்குத் தனித் திரி தொடங்குவேன், அங்கே வாருங்கள்.

மூன்று சிலிண்டர்

இதுதானே தனித் திரி! நீங்கள் பக்கத்துத் திரியில் எழுதியதற்குப் பதிலாகத்தான் இதைத் தொடங்கினேன். முழுமையாக எழுதிவிடுகிறேன்: பொருத்திய பிறகு, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பி, மேல் ஹோஸ் திடீரென்று சூடேறும்வரை என்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன். இப்போது முள் நடுவில் நின்று அசைவதில்லை. பச்சைக் கூலண்டுதான் ஊற்றியிருக்கிறேன்.

ஸ்பானர் சித்தன்

பச்சையா? அந்த வண்டிக்குச் சிவப்பு அல்லவா ஊற்ற வேண்டும்?

கணக்குப்பிள்ளை

நிறம் வெறும் சாயம். எந்த நிறத்தில் என்ன வேதிப்பொருள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டப்பாவின் பின்புறம் அச்சிட்டிருக்கும் தரத்தைப் படிக்க வேண்டும்.

ஸ்பானர் சித்தன்

டப்பாவின் பின்புறத்தைப் படித்து வண்டி ஓட்டுபவரிடம் நான் என்ன பேசுவது? பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசமில்லை என்று முப்பது வருட மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். மூன்று சிலிண்டர் தம்பி, கூலண்டு டப்பாவின் படத்தை இங்கே போடுங்கள். அப்படியே அந்த வெப்பமானியையும் பக்கத்தில் வைத்து எடுங்கள்.