எலி தண்ணி தேடி வெளிய போய்தான் சாகுமாம்!

கூகைத்தோழி:
நம்ம மன்றத்துல செல்லாயி அக்கா கோழிப் படம் போட்டு ஆரம்பிச்ச திரியில (பேச்சுத் தொடர்) வரப்பு மணி சார் எழுதினத பாத்து கடுப்பாகித்தான் இந்த தனித் திரி. அக்கா நாமக்கல் பக்கம் முட்டை ஓஞ்ச கூண்டுக்கோழிகள காசு குடுத்து வாங்கி வந்து கடைசி வரைக்கும் வளர்க்கறாங்க, கையெடுத்து கும்பிடறேன். ஆனா அதே கொட்டாய் சுவரோரம் நீல கலர் எலி கேக், அதான் எலி மருந்துக் கட்டி. ஏன்னு கேட்டா மணி சார் குறுக்க வந்து "அத தின்ன எலி தண்ணி தேடி வெளிய போய் அமைதியா செத்துரும், வலியும் இல்ல நாத்தமும் இல்ல"ங்கறார். சார், அந்த கேக்ல இருக்கற புரோமடியோலோன்ங்கற விஷம் ரத்தத்த உறைய விடாது. நாள் கணக்கா உள்ளுக்குள்ள கசிஞ்சு கசிஞ்சு சாகும். இதுல அமைதி எங்க இருக்கு? கோழிக்கு ஒரு உயிர், எலிக்கு ஒரு உயிரா?

வரப்பு மணி:
நீடாமங்கலம் பக்கம் மூணு தலைமுறையா நெல்லு எங்களுக்கு. எலி தண்ணி தேடித்தான் போவும். என் வாய்க்கால்ல செத்து மிதந்தத நானே கண்ணால பாத்தேன். நெட்ல படிச்சிட்டு வந்து என்கிட்ட பாடம் எடுக்காதீங்க.

செல்லாயி:
கண்ணு, நானொண்ணும் ஆசைப்பட்டு வெக்கல. அந்த கோழிங்க வரும்போது நீ பாத்திருக்கணும். அலகு வெட்டியிருக்கும், கழுத்துல எறகே இருக்காது, கொண்டை வெளுத்துக் கெடக்கும், நகம் கம்பிய புடிச்சு புடிச்சு வளைஞ்சு போயிருக்கும். மண்ணுல விட்டா நடக்கத் தெரியாம அப்படியே நிக்கும். முட்டைக்கே சுண்ணாம்புச் சத்தெல்லாம் போயி எலும்பு லேசா இடிச்சாலே ஒடையும். அப்படியாப்பட்டத பெருச்சாளி ராத்திரில கால கடிச்சு இழுக்குது. நான் என்ன பண்ணட்டும், பெருச்சாளிகிட்ட உக்காந்து பேசட்டுமா?

நாமக்கல் லேயர்:
ஏனுங்க, என்னமோ நாங்க சித்திரவதை பண்ற மாதிரியே எழுதறீங்க. 72 வாரம், 80 வாரம் தீவனம் போட்டு தடுப்பூசி போட்டு காப்பாத்தறது முட்டைக்கோழிப் பண்ணைக்காரங்க நாங்க. ஸ்கூல்ல புள்ளைங்க சத்துணவுல திங்கற முட்டை எங்கிருந்து வருதுன்னு நெனச்சீங்க?

கூகைத்தோழி:
ஏ4 பேப்பர் அளவு கூட இல்லாத எடத்துல ஒரு கோழிய வெச்சிட்டு காப்பாத்தறோம்னு சொல்லாதீங்க. உங்களுக்கு தனியா திரி தொறக்கறேன். இப்ப கேள்வி மணி சாருக்கு. வெளிய செத்துக் கெடக்கறத மட்டும்தான சார் நீங்க பாக்க முடியும்? வளைக்குள்ள செத்தத எப்படி பாத்தீங்க? பரண்ல எலி செத்து நாறாத வீடு நம்ம ஊர்ல உண்டா?

வரப்பு மணி:
அது வேற மருந்து. கேக் தின்னா தண்ணி தேடி வெளியதான் போவும். கேக் வித்த கடைக்காரரே சொன்னார். அட்டைலயும் போட்டிருக்கு. நீங்க என்ன விவசாயம் பாக்கறீங்கன்னு சொல்லுங்க முதல்ல. மாடித்தோட்டமா?

ஊசி டாக்டர்:
கால்நடை மருத்துவரா ஒண்ணு சொல்லிக்கறேன். அந்த மருந்துக்கு தாகம் எடுத்து வெளிய ஓடிப்போய் சாகும்ங்கறதுக்கு நம்பற மாதிரி ஆதாரம் எதுவும் நான் பாத்ததில்ல. நிறைய எலி வளையிலதான் சாகுது. சாகறதுக்கு முன்னாடி சில நாள் தள்ளாடிக்கிட்டு வெளிய திரியும், அதுதான் ஆபத்து. நாய், பூனை, கூகை (ஆந்தை) எல்லாம் அத புடிச்சு தின்னா அதுங்களுக்கும் ரத்தம் கசியும். நாயா இருந்தா வைட்டமின் கே1 போட்டு காப்பாத்தலாம், கூகைய யார் தூக்கிட்டு வருவா? இன்னொரு எலி விஷமான சிங்க் பாஸ்பைடுன்னா மாத்து மருந்தே கிடையாது.

வரப்பு மணி:
பாத்தீங்களா, டாக்டரே வெளிய திரியும்னு சொல்லிட்டார். நான் சொன்னதும் அதேதான்.

கூகைத்தோழி:
அவர் சொன்னதுக்கு நேர் எதிரா புரிஞ்சுக்கறீங்க!! வெளிய வருதுன்னா அது இன்னும் மோசம் சார். எலிய தின்ன கூகையும் சேந்து சாகும். ராத்திரி பூரா சம்பளம் வாங்காம எலி புடிக்கற பறவைய கொன்னுட்டு அப்புறம் எலி பெருத்துப்போச்சுன்னு அழுவீங்க. வயல்ல பனைமட்டைய நட்டு வெச்சாலே வந்து உக்காரும். எங்க தாத்தா காலத்துல தஞ்சாவூர் கிட்டி (மூங்கில் எலிப்பொறி) வெச்சு புடிக்கலையா?

வரப்பு மணி:
கிட்டி வெக்க ஆள் எங்கம்மா? சாயங்காலம் கிட்டி ஊனி ராத்திரி லைட்டடிச்சு எடுக்கத் தெரிஞ்ச ஆளுங்கெல்லாம் திருப்பூர் போயாச்சு. இருளர் ஆளுங்க வந்து வளைய வெட்டினா எலியும் கெடைக்கும், எலி சேத்து வெச்ச நெல்லும் அவங்களுக்கு கெடைக்கும், இப்ப அவங்க புள்ளைங்களும் படிக்கப் போகுது, நல்லதுதான். ஆனா என் பயிர் பொதி கட்டற நேரத்துல அடித்தூர சாய்வா வெட்டிப் போட்டுட்டு போயிடுது, திங்கறது கொஞ்சம் அழிக்கறது ரொம்ப, நடு வயல்ல வட்டமா மொட்டையடிச்ச மாதிரி கெடக்கும், வரப்புல நின்னு பாத்தா தெரியாது, அறுக்க எறங்கினாதான் தெரியும். கூட்டுறவு கடனுக்கு எலி கையெழுத்து போடுமா? அதான் பொரி 49 பங்குக்கு சிங்க் பாஸ்பைடு 1 பங்கு கலந்து வெக்கறோம். அதுக்கும் முன்னாடி ரெண்டு நாள் வெறும் பொரி வெச்சு பழக்கணும், இல்லாட்டி வாயே வெக்காது. அவ்ளோ உஷாரு. அந்த எலிக்கு தண்ணி எங்க இருக்குன்னு தெரியாதா? வெளிய போய்தான் சாகும்.

கூகைத்தோழி:
இவ்ளோ நேரம் கேக்குன்னீங்க, இப்ப சிங்க் பாஸ்பைடுக்கு தாவிட்டீங்க. அது வயித்து அமிலம் பட்டதும் விஷ வாயுவா மாறும், எலிக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. போன வருஷம் மயில் திரியிலயும் இதே வேலதான். நெல்லுல குருணை பூச்சிமருந்து கலந்து மயிலுக்கு வெச்சத தப்புன்னு சொன்னதுக்கு என்ன "ஏசி ரூம் ஆர்வலர்"னு எழுதினீங்க. மறக்கல. 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கற பறவை அது.

வரப்பு மணி:
மயில் என் கடலைய கொத்தினா சட்டம் வந்து நஷ்டம் குடுக்குமா? அப்பவும் சொன்னேன் இப்பவும் சொல்றேன்.

ரெட்டைப்பனை:
எல்லாரும் எலியோட வலி பத்தியே பேசறீங்க. 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல வீட்டுல வெச்ச எலி மருந்தால ரெண்டு குழந்தைங்க போனது யாருக்கும் ஞாபகம் இல்லையா? மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்ட தமிழ்நாட்டுல தடை பண்ணதே எத்தன உயிர் போனதுக்கப்புறம்?

வரப்பு மணி:
அது வேற மருந்து தம்பி. திரி எதப் பத்தியோ அதப் பேசுங்க. எலி வெளிய போய் சாகுமா சாகாதா?

செல்லாயி:
என் கோழிய வெச்சு ஆளாளுக்கு சண்ட போடறீங்க, கொட்டாய்க்கு சின்னக் கண்ணு கம்பிவலை அடிக்க ஒருத்தராச்சும் உதவி பண்றேன்னீங்களா? தீவனத்த தகர டிரம்முல மூடி வெக்க ஆரம்பிச்சுட்டேன். கேக்க எடுக்க மாட்டேன். வலை வரட்டும், அப்புறம் பாக்கலாம்.

நாமக்கல் லேயர்:
ஏ4 பேப்பர்னு எழுதினதுக்கு மன்னிப்பு வேணும்ங்க.

கூகைத்தோழி:
கெடைக்காதுங்க. அக்கா, கேக் இருக்கற வரைக்கும் அந்த எடத்த மீட்பு இல்லம்னு நான் சொல்ல மாட்டேன்.

வரப்பு மணி:
நீங்க சொல்லாட்டி என்ன, நாங்க சொல்றோம். நாளைக்கு வாய்க்கால் கரைல செத்த எலிய போட்டோ புடிச்சு போடறேன், அப்ப எல்லாரும் வாங்க.

கூகைத்தோழி:
போடுங்க. பக்கத்து வளைய வெட்டி உள்ள கெடக்கறதையும் சேத்து போடுங்க.