அப்டேட்: கழிவுநீர் கசடு + பழச்சக்கை
பயோகேஸ் டேங்க்ல (காத்து புகாம மூடி வச்சு, கிருமி கழிவை மக்க வச்சு மீத்தேன்ங்குற எரியுற கேஸ் பண்ற டேங்க்) கழிவுநீர் கசடோட, அதாவது கழிவுநீரை சுத்தம் பண்ணும்போது தங்குற சேத்தோட, ஜூஸ் ஃபேக்டரி பழச்சக்கையையும் கலந்தா கேஸ் கூடுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, கூடுது, நல்லாவே கூடுது. கசடுல நைட்ரஜன் ஜாஸ்தி, சக்கைல கார்பன் ஜாஸ்தி, அளவா கலந்தா கார்பன்-நைட்ரஜன் விகிதம் 20-30க்குள்ள வந்துடும், கிருமிக்கு அதான் தோது. ஆனா சக்கையை ஒரேயடியா கொட்டிடாதீங்க, சர்க்கரை சட்டுனு புளிச்சு ஆசிட் ஏறிடும், மீத்தேன் பண்ற கிருமி அந்த வேகத்துக்கு ஈடு குடுக்காது, பிஎச் (இது இறங்குனா புளிப்பு ஏறுதுன்னு அர்த்தம்) 6.5க்குக் கீழ போனா கேஸ் படுத்துடும், நுரை வேற பொங்கும். பிஎச் இறங்குறதுக்கு முன்னாடியே ஆசிட்-காரத்தன்மை விகிதம் (டேங்க்ல இருக்குற ஆசிட்டை, அதைச் சமாளிக்கிற காரத்தன்மையால வகுத்தா வர்றது) ஏறும், அது 0.4 தாண்டினாலே நான் சக்கையை நிறுத்திடுவேன். டேங்க் சூடு 35-37 டிகிரி செல்சியஸ்.

கேஸ்ல அழுகின முட்டை நாத்தம் ஏன்னு கேட்டவருக்கு: அது ஹைட்ரஜன் சல்ஃபைடுங்குற விஷ வாயு, இரும்பு குளோரைடு போட்டா குறையும், தயவுசெஞ்சு மோந்து பாக்காதீங்க, அளவு ரொம்ப கூடினா மூக்குக்கே தெரியாது.