மறு: ஸ்பிங்கோலிப்பிடுக்குத் தமிழில் என்ன சொல்?

அவையோருக்கு வணக்கம். உயிரணுவியல் பாடக் குறிப்பொன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். 'லிப்பிடு' வரும் இடமெல்லாம் 'கொழுமியம்' என்று எழுதிவிட்டேன். ஸ்பிங்கோசினை அடிப்படையாகக் கொண்ட லிப்பிடான 'ஸ்பிங்கோலிப்பிடு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஸ்பிங்கோசின் என்பது 18 கார்பன் கொண்ட அமினோ ஆல்ககால். அதனோடு கொழுப்பமிலம் சேர்ந்தால் செராமைடு; செராமைடோடு பாஸ்போகோலின் சேர்ந்தால் ஸ்பிங்கோமயலின், குளுக்கோஸ் சேர்ந்தால் குளுக்கோசில்செராமைடு. ஆகவே எனக்கு வேண்டியது ஒரு சொல் அன்று, ஒரு சொற்குடும்பம்.

* * *

ஐயா, பெயர் பிறந்த கதையிலேயே விடை இருக்கிறது. மூளையின் வேதியியலை ஆராய்ந்த யோகான் தூடிக்கம் 1884இல், அப்பொருள் தமக்குப் போட்ட புதிர்களை எண்ணி, விடுகதை சொல்லி வழிமறித்த கிரேக்கத் தொன்ம விலங்கான இசுபிங்கிசின் பெயரால் 'இசுபிங்கோசின்' என்றார். விடுகதைக்குத் தொல்காப்பியர் தரும் சொல் 'பிசி'. செய்யுளியலில் அதற்கு இலக்கணமும் வகுத்திருக்கிறார். விடையைப் பிசைந்து பிசைந்து எடுப்பதால் பிசி ஆயிற்றோ என்பது என் நெடுநாள் ஐயம், அது நிற்க. 'பிசிக்கொழுமியம்' என்று வைத்தால் பொருளும் வரும், மெய் மொழிமுதல் ஆகும் குற்றமும் நீங்கும்.

* * *

ஐயாவின் நயம் இனிக்கிறது. ஆனால் 'பிசிக்கொழுமியம்' என்றதும் மாணவருக்குப் பிசின்தான் நினைவுக்கு வரும். கோஷே என்ற பரம்பரை நோய் உள்ளவரின் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தால், கசக்கிய மெல்லிய தாளைப் போல் உள்ளெல்லாம் வரிவரியாகத் தெரியும் பெரிய உயிரணுக்கள் கண்ணில் படும். சிதைக்க வேண்டிய நொதி குறைந்துபோனதால் தேங்கிய குளுக்கோசில்செராமைடு அது. இதைப் பார்த்த மாணவர் மறுநாள் ஆங்கில நூலைத் திறந்து, பிசி எங்கே என்று தேட வேண்டுமா? மேலும், செராமைடு பெரும்பாலும் உயிரணுவைத் தற்சாவுக்குத் தள்ள, அதிலிருந்தே பிறக்கும் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்டு பிழைக்கவும் பெருகவும் தூண்டுகிறது. இந்த இழுபறிதான் பாடத்தின் உயிர். ஸ்பிங்கோசினையும் பிசியால் பெயர்த்துப் 'பிசிமம்-1-பாஸ்பேட்டு' என்று எழுதினால் அந்த உறவைத் தொடர்ந்து படிக்க அவருக்கு வேறு நூல் கிடைக்காது.

* * *

அம்மா, 'ஸ்பிங்கோ' மட்டும் யாருக்கு விளங்குகிறது? விடுகதையாவது தமிழருக்குத் தெரியும். ஒலிபெயர்ப்புத்தான் வேண்டுமென்றால் சகரமாவது ஒழியட்டும்: பன்முகத் தண்டுவட மரப்பு நோய்க்கு (மல்டிபிள் இசுகிளிரோசிசு) 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து இந்த இசுபிங்கோசினின் சாயல் கொண்டது, அதன் பெயரே அந்தச் சகரம் இல்லாமல் 'பிங்கோலிமோடு' என்றுதானே இருக்கிறது!

* * *

நாளை வெள்ளி. அவையில் மூவர் 'ஸ்பிங்கோ' என்ற ஒலிபெயர்ப்புக்கு உடன்பட்டிருப்பதால் 'ஸ்பிங்கோகொழுமியம்' என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் பிசியின் கதையை அடிக்குறிப்பாக இடுகிறேன்.

* * *

என் மாறுபாட்டைப் பதிந்துகொள்க. அடிக்குறிப்பிலாவது அச்சுப்பிழையால் 'பிசி' 'பிசின்' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்க.